எதிர்த்தீ

லாஸ் ஏஞ்சலஸ்
செப்டம்பர் 3, 1933

அன்புத் தங்கை ரூஜெனாவுக்கு,

அண்ணன் லாடிஸ்லாவ் எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரர் ஆல்பினும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் நம் மாடுகளும் சுகம்தானே?

வேலை கிடைத்துவிட்டது. நிவாரண வேலைதான். எங்களைப் போல வேலையில்லாமல் நிற்பவர்களை ஆயிரக்கணக்கில் கிரிஃபித் பூங்காவுக்கு அனுப்புகிறார்கள். பூங்கா என்றதும் பெஞ்சையும் வாத்துக் குளத்தையும் நினைத்துக்கொள்ளாதே. ஊருக்கு நடுவில் இருக்கிற மலைகளுக்கே பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதர் வெட்டுவதும் பாதை போடுவதும் எங்கள் பாடு. புதர் தோள் உயரம் இருக்கிறது. ஒரு கிளையை ஒடித்தால் விரலில் எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது. சோப்புக்கெல்லாம் அது மசிவதில்லை.

மாப்பிள்ளையின் கையெல்லாம் கொப்புளம். "இது மாவு பிசைஞ்ச கை மச்சான், மண்வெட்டிக்குன்னு பொறந்ததில்ல" என்று ராத்திரியெல்லாம் புலம்பல். ஒமாஹா பேக்கரிக்காரர் மகனைக் கட்டிக்கொள்ளாதே என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

எதிர் அறையில் ரெஃபூகியோ லோசானோ என்று ஒரு மெக்சிகோக்காரர் இருக்கிறார். எங்கள் கூட்டத்தில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆடுகிறவர், முயல் மாதிரி ஓடுவார். காலையில் நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அவர் டிராமில் ஏறி எங்களுக்கும் இடம் போட்டிருப்பார். அவர் மனைவி யூலாலியா நீலத் தட்டில் அவரைப் பருப்பு கொண்டுவந்து கொடுக்கிறாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா வளர்த்த வளர்ப்பில் தினமும் ஒரு ஆரஞ்சாவது தேடி வைக்கிறேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. மலையில் புகைக்கக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னதால் புகைக்குழாயை ஆகஸ்டிலேயே விட்டுவிட்டேன். பழைய சாமான்காரனிடமே கொடுத்தாகிவிட்டது. நீ இத்தனை வருஷம் திட்டி நடக்காததை இவர்கள் ஒரு வார்த்தையில் நடத்திவிட்டார்கள்.

அன்பு அண்ணன்,
லாடிஸ்லாவ்


ஆர்ட், நெப்ராஸ்கா
செப்டம்பர் 17, 1933

அன்புள்ள அண்ணா,

கடிதம் வந்தது, இரண்டு பேரும் சுகம் என்று படித்ததும்தான் சாப்பாடு இறங்கியது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். மாடுகளுக்கும் நீ கேட்டதாகச் சொல்லிவிட்டேன்.

நீ புகைக்குழாயை விட்டாய் என்பதை நம்புகிறேன். மறுபடி எடுக்க மாட்டாய் என்பதை நம்பவில்லை.

போன வாரம் பக்கத்துப் பண்ணை கோகெஷ் வீட்டுப் புல்வெளியில் தீ. ரயில் பொறி விழுந்திருக்கும் என்கிறார்கள். எல்லாரும் பீப்பாயிலிருந்து ஈரச் சாக்கை உருவிக்கொண்டு ஓடினோம். அடித்து அணைக்க முடியாது என்று தெரிந்ததும் நான்தான் எதிர்த்தீ வைத்தேன். காற்று போகும் பக்கமாக எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை புல்லைக் கொளுத்திவிட்டேன். அது ஓடி முடிந்ததும் எல்லாரும் கரிந்த நிலத்தில் ஏறி நின்றுகொண்டோம். பெரிய தீ வந்து பார்த்தது, தின்ன ஒன்றுமில்லை, இரண்டாகப் பிரிந்து எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கோகெஷின் கொட்டகை தப்பியது.

கல்யாணமான வருஷம் உன் மாப்பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு ஞாபகம் வந்தது. தீக்குச்சியைத் தவளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, "எரியிறது போதாதுன்னு நாம வேற கொளுத்தணுமா?" என்று கேட்டாரே! பின்னால் நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டச் சொல்லி, இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக் காட்டினேன். இப்போது இந்தப் பக்கத்தில் அவரைப் போலக் கச்சிதமாகக் கொளுத்த ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது அவர்தானே.

நான் கொடுத்த தகர டப்பா அவர் சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார். மூடியில் ரோஜா வரைந்த இருமல் மிட்டாய் டப்பா. தீக்குச்சி நனையாமல் இருக்கும். வெயில் காலம் முடிகிறவரை அதை வெளியே எடுத்து வைக்கக் கூடாது. உன் கடிதத்தில் அவரையும் இரண்டு வரி எழுதச் சொல். கையெழுத்து கோணல் என்று என்னிடமா வெட்கம்? கசகசா வைத்த கொலாச் ரொட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை,
ரூஜெனா


லாஸ் ஏஞ்சலஸ்
செப்டம்பர் 28, 1933

அன்புத் தங்கைக்கு,

இருவரும் சௌக்கியம். உன் கொலாச் வந்தது. நான்கை நீலத் தட்டில் வைத்து யூலாலியாவுக்குக் கொடுத்தோம். "உள்ள கறுப்பா இருக்கே, எறும்பா?" என்று கேட்டாள். தின்று பார்த்த பிறகு எறும்பு இன்னும் இருக்கிறதா என்று ரெஃபூகியோ வந்து நிற்கிறார்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெட்டிய புதரை வெட்டிய இடத்திலேயே குவித்து வைத்திருக்கிறோம். மழை எப்போது பெய்ததென்று யாருக்கும் ஞாபகமில்லை. மாப்பிள்ளை பேனாவைப் பிடுங்குகிறார், மீதி அவர் பாடு.

லாடிஸ்லாவ்

ரூஜா, டப்பா பையில் இருக்கிறது. சிகரெட் இல்லாதவனுக்குத் தீப்பெட்டி எதற்கு என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள். பெண்டாட்டி உத்தரவு என்றேன். ரெஃபூகியோ மட்டும் சிரிக்கவில்லை, அவர் வீட்டிலும் அப்படித்தானாம். கொப்புளம் ஆறிவிட்டது. உன் ரொட்டியை விட என் அப்பா ரொட்டி நன்றாக இருக்கும், ஆனால் அவர் எனக்கு அனுப்புவதில்லை. ஆல்பின்.


லாஸ் ஏஞ்சலஸ்
அக்டோபர் 6, 1933

அன்புத் தங்கை ரூஜெனாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் அடுத்த மலையில் புகை தெரிந்தது. தீயை அணைக்க வாருங்கள் என்று மேஸ்திரிகள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். சிலர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலையிலிருந்து தப்பித்தோம் என்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் இருந்தோம். இப்படித்தான் அணைக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. நான் மேலே சாலையில் நிறுத்தப்பட்டேன். மாப்பிள்ளையும் ரெஃபூகியோவும் இன்னும் சிலரும் கீழே பள்ளத்தில் இருந்தார்கள். காற்று திரும்பியது. பள்ளம் புகைபோக்கி போல ஆகிவிட்டது.

மாப்பிள்ளை முன்பு வாசித்த ஒமாஹா வாத்தியக் குழுவின் பித்தளை பெல்ட் கொக்கியை வைத்து அவரை அடையாளம் சொன்னேன். ரெஃபூகியோவும் போய்விட்டார். இருபத்தொன்பது பேர் என்று பத்திரிகை போடுகிறது. எங்கள் ஆட்கள் அதற்கு மேல் இருக்கும் என்கிறார்கள். நீண்ட நேரம் வேதனைப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

சனிக்கிழமை ரயிலில் பெட்டியை அனுப்புகிறேன். கோகெஷிடம் வண்டி கேட்டுக்கொள். விசாரணைக்கு என் பெயரைக் குறித்துக்கொண்டிருப்பதால் கூட வர முடியவில்லை. நீ சாப்பிடு.

அண்ணன்


ஆர்ட், நெப்ராஸ்கா
அக்டோபர் 22, 1933

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? புகை உள்ளே போயிருந்தால் பால் குடி. நான் இருக்கிறேன்.

அவரை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒமாஹாவிலிருந்து அவர் அப்பா வந்தார். ஒரு கூடை ரொட்டியோடு வந்து, அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பியது? அவர்கள் ஏன் மேலே ஏறவில்லை? ஏறத்தான் முடியவில்லை என்றால் ஏன் கரிந்த நிலம் எதிலும் ஏறி நிற்கவில்லை? அவருக்குத் தெரியாத விஷயமா? இங்கே வந்த ஒரு பத்திரிகையில், யாரோ எதிர்த்தீ வைத்ததால்தான் இத்தனை பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்று இருந்தது. இன்னொரு பத்திரிகை அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்கிறது.

நீ அனுப்பிய சாமான்களில் கொக்கியும் கத்தியும் இருந்தன. டப்பா இல்லை.

ரூஜெனா


லாஸ் ஏஞ்சலஸ்
நவம்பர் 12, 1933

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். இருமல் குறைந்துவிட்டது. அங்கே குளிர் வந்திருக்கும், வடக்கு ஜன்னல் இடுக்கில் துணி அடைத்துக்கொள்.

விசாரணை முடிந்தது. "நீ என்ன பார்த்தே?" என்றார்கள். "புகையைப் பார்த்தேங்க" என்றேன். "வேற?" "புகைக்குப் பின்னால என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். யார் மேலும் குற்றமில்லை என்று முடிந்துவிடும் போலிருக்கிறது. பூங்காவில் மறுபடி வேலை நடக்கிறது. இப்போது கரிக்கட்டை வெட்டுகிறோம்.

யூலாலியாதான் பாவம். உயிரோடு திரும்பிய ஒவ்வொருவனையும் தேடிப் போய்க் கேட்கிறாள். என்னிடமும் கேட்டாள். "அவரு ஏன் ஓடல? ஊரே கைதட்டுற மாதிரி ஓடுற மனுஷன். பந்துக்காக ஓடத் தெரிஞ்சவருக்கு உசுருக்காக ஓடத் தெரியலையா? பயத்துல கால் மரத்துப்போயி நின்னுட்டாரா?" அவள் அழவில்லை, கோபமாகத்தான் இருக்கிறாள். செத்தவர் மேல் அத்தனை கோபத்தை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாது என்றேன். அப்படியும் நீலத் தட்டில் பருப்பு வருகிறது. எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

கோகெஷ் உனக்கு வைக்கோல் ஏற்றிக் கொடுத்தாரா?

லாடிஸ்லாவ்


ஆர்ட், நெப்ராஸ்கா
நவம்பர் 26, 1933

அண்ணா,

சுகம். வைக்கோல் வந்தது. ஜன்னலுக்குத் துணி அடைத்தாயிற்று. நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டதில் ஒன்றுக்குக்கூட நீ சொல்லவில்லை.

சின்ன வயசிலிருந்தே நீ இப்படித்தான் பூசி மெழுகுவாய். கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்த அன்றும் சாப்பிட உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசினாய்.

நேராகவே கேட்கிறேன். தீக்குச்சியைக் கிழித்தது அவரா?

ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். தீ என்றால் பத்தடி தள்ளி நின்ற மனுஷனைக் கைபிடித்துக் கொளுத்தக் கற்றுக்கொடுத்தது நான். டப்பாவைக் கொடுத்தது நான். அதை எடுத்து வைக்காதே என்று உன் மூலமாகச் சொல்லி அனுப்பியதும் நான். இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்க முடியவில்லை. தெரிந்துகொண்டால் தூங்குவேனா என்பதும் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ரூஜெனா


லாஸ் ஏஞ்சலஸ்
பிப்ரவரி 4, 1934

அன்புத் தங்கை ரூஜெனாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய அட்டை வந்தது. அதற்கும் பதில் போடவில்லை. வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அவர் இல்லை. அவரால் முடியவே முடியாது, ஏனென்றால் டப்பா அன்றைக்கு அவரிடம் இல்லை. காலையில் என் புகைக்குழாயைப் பற்றவைக்க நான்தான் வாங்கினேன், திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அந்தக் கலவரத்தில் எங்கோ தொலைந்தும் போயிற்று. அவர் மற்றவர்களோடு நின்றார், தீ வந்தது, அவ்வளவுதான். உன் மேல் ஒன்றுமில்லை. இனி இதைப் பற்றி நினைக்காதே.

இங்கே நல்ல மழை. புத்தாண்டு ராத்திரி வெள்ளம்கூட வந்தது. மலையெல்லாம் பச்சை துளிர்க்கிறது.

அன்பு அண்ணன்,
லாடிஸ்லாவ்


ஆர்ட், நெப்ராஸ்கா
மார்ச் 18, 1934

அன்புள்ள அண்ணா,

நான் சுகம், கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பிறகும் அப்படித்தான் நினைப்பேன்.

நீ புகைக்குழாயை ஆகஸ்டில் விட்டாய். பழைய சாமான்காரனிடம் கொடுத்தாய். நீயே பெருமையாக எழுதிய கடிதம் அலமாரியில் இருக்கிறது. பொய் சொல்ல உனக்கு வரவே வராது அண்ணா, அதற்கு இரண்டு மாசம் எடுத்துக்கொண்டும் வரவில்லை. எனக்காக அதைச் சொன்னாயே, அதை மறக்க மாட்டேன்.

ஆக, கொளுத்தியது அவர்தான்.

போன வாரம் கோகெஷ் ஓடையோரத்துப் பழைய புல்லைக் கொளுத்தக் கூப்பிட்டார். போனேன். காற்றுக்கு முதுகைக் காட்டி, கையைக் குவித்துக் கிழித்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம் என்று இருந்தது.

இங்கே எவரும் என்னை எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் உன் எதிர் அறையில் ஒரு பொம்பளை, தன் புருஷன் பயந்து நின்று செத்தான் என்று நினைத்துக்கொண்டு உனக்குச் சோறு போடுகிறாள். அவளிடம் சொல்லிவிடு. ஆல்பின் பெயரைச் சொல்லியே சொல். கற்றுக்கொடுத்தது அவர் பெண்டாட்டி என்றும் சொல். அவள் திட்டினால் அதை எனக்கு எழுது, பூசி மெழுகாதே.

கொலாச் அனுப்பியிருக்கிறேன். தட்டு வெறுமையாகப் போக வேண்டாம்.

ரூஜெனா


லாஸ் ஏஞ்சலஸ்
ஏப்ரல் 29, 1934

அன்புத் தங்கை ரூஜெனாவுக்கு,

நீயும் கன்றும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்தான், வேலையை விட்டுவிட்டேன். வைக்கோல் அறுப்புக்கு ஊருக்கு வந்துவிடுவேன்.

யூலாலியாவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அன்றைக்குப் புகை ஒரு முறை விலகியது. கீழே ஆல்பினைப் பார்த்தேன். காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கையைக் குவித்திருந்தார். நம் புல்வெளியில் நிற்பது போலவே நின்றார். ஐந்தாறு பேர் அவரை நம்பிப் பக்கத்தில் நின்றார்கள். ரெஃபூகியோ மட்டும் ஏற்கெனவே மேடேறி ஓடிக்கொண்டிருந்தார். "ஓடாதே! இங்க வா! இங்க கரியாயிடும்!" என்று ஆல்பின் கத்தியது சாலை வரைக்கும் கேட்டது. ரெஃபூகியோ திரும்பி இறங்கினார். நம் புல் என்றால் நொடியில் எரிந்து தீர்ந்திருக்கும். இந்தப் புதர் எண்ணெய்ப் புதர், நின்று எரிந்தது. கரியாவதற்குள் காற்று திரும்பி இரண்டு தீயும் சேர்ந்துவிட்டது. வேண்டாமென்று நான் மேலேயிருந்து கத்தியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். எனக்கும் அப்போது அவர் செய்வதுதான் சரியென்று பட்டது. நல்லவேளை, மாப்பிள்ளை இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் வாசற்படியில் நின்றே கேட்டுக்கொண்டாள்.

"அப்போ ஓடத்தான் ஆரம்பிச்சாரு?"

"ஆமா."

"கால் மரத்துப்போகல?"

"இல்லம்மா. கூப்பிட்டதாலதான் திரும்பினாரு."

"அவரு அப்படித்தான். யாரு கூப்பிட்டாலும் திரும்பிடுவாரு." கொஞ்ச நேரம் கதவுப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அது காப்பாத்தும்னு உன் மச்சானுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

என் தங்கைதான் கற்றுக்கொடுத்தாள் என்று சொன்னேன். "எங்க ஊர்ல அது எப்பவும் காப்பாத்தியிருக்கும்மா."

"இது உங்க ஊரு இல்லியே" என்றாள்.

திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ சொன்னபடி நீலத் தட்டில் கொலாச்சை வைத்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சில நாள் அப்படியே இருந்தது. பிறகு ஒரு காலையில் தட்டைக் காணவில்லை. ரொட்டிகளை ஒன்றுகூடக் குறையாமல் காகிதத்தில் சுற்றி என் வாசலில் வைத்திருந்தாள். இப்போது படியில் எதிர்ப்பட்டால் தலையசைக்கிறாள். பருப்பு வருவதில்லை. அந்தத் தீக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

டப்பாவை அன்று அவர் கைக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது நான்தான். இத்தனை நாள் என் பெட்டியடியில் வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். மூடியிலிருந்த ரோஜா எரிந்துவிட்டது, தகரம் நன்றாகத்தான் இருக்கிறது. நீ அதில் மறுபடி தீக்குச்சி போட்டு வைப்பாய் என்று தெரியும். போட்டு வை. அங்கே அது வேண்டியதுதான்.

அன்பு அண்ணன்,
லாடிஸ்லாவ்